ஒரு தேதிக்கு ஒரு வீடு

அம்மாவின் கண் பரிசோதனை நாள் எங்கள் வீட்டில் மூன்று இடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. மருத்துவமனை கொடுத்த அட்டையில் இருந்தது. என் கணவர் அதைத் தம் கைபேசியிலிருந்து குடும்ப நாட்காட்டியில் ஏற்றியிருந்தார். சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்த நாளுக்குரிய தாளின் முனையை மடித்து, நீல மையில் வட்டம் போட்டு அம்மாவும் குறித்து வைத்திருந்தார். அவரை அழைத்துச் செல்ல வேண்டிய எனக்கு மட்டும் அது நினைவில் இல்லை.

2024 மார்ச் மாதத்தின் முதல் வாரம் அது. நான் இராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனம், கேட்பதைத் தொழிற்சாலைக்கும் தொழிற்சாலையால் முடிவதை பையருக்கும் எடுத்துச் சொல்லி, முதல் சாம்பிள் தொடங்கிக் கண்டெய்னர் ஏறும்வரை ஒவ்வொரு தேதிக்கும் பொறுப்பேற்பதுதான் என் வேலை. அன்று ஜெர்மன் பையரின் சரக்கைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்ததால், காலை 6 மணிக்கே வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். குடியாத்தத்தில் ஆசிரியராக இருக்கும் கணவரும் பிளஸ் டூ பொதுத் தேர்வுப் பணிக்காகச் சீக்கிரமே போய்விட்டார். அம்மா குளித்து முடித்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காபிகூடக் குடிக்காமல், பழைய ரிப்போர்ட்டுகளை வைத்திருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் காத்திருந்திருக்கிறார். எட்டே முக்காலுக்கு என்னை அழைத்தார். "ஏம்மா, ஆபீஸ்ல தலையக் காட்டிட்டு வந்துடுவேன்னு நெனச்சேன். நேரமாவுதே" என்றார். சர்க்கரை நோய் உள்ளவர், முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து உடனே இரண்டு இட்லி கொடுக்கச் சொன்னேன். அடுத்த முறை ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. விழித்திரையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஒருவருக்கு ஐந்து வாரம் சிறிய காலம் இல்லை.

அன்றிரவு எங்கள் இருவருடைய கைபேசிகளையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் அந்த நிகழ்வு ஒரே நேரத்தோடு, ஒரே பெயரோடு இருந்தது. அவருடையது முந்தைய நாள் மாலை மணி அடித்திருக்கிறது; என்னுடையதும் அடித்திருக்கும் என்று அவர் எண்ணிவிட்டார். என்னுடையது அடிக்கவே இல்லை. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கூகுள் நாட்காட்டியில் ஒருவர் உருவாக்கிப் பகிர்ந்த நாட்காட்டி மற்றவருடைய திரையில் தெரியும்; ஆனால் அதற்கான நினைவூட்டலைப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் தனித்தனியே அமைத்துக்கொள்ள வேண்டும். நான் அமைக்கவில்லை, அமைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குடும்பத்தோடு நாட்காட்டியைப் பகிர்ந்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் கணினியில் நாட்காட்டியின் அமைப்புகளைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் பகிரப்பட்ட ஒவ்வொரு நாட்காட்டியின் பெயரையும் அழுத்தி, அதற்கு நினைவூட்டல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குற்ற உணர்ச்சியில் நான் அடுத்துச் செய்தது தவறான மருத்துவம். எல்லாமே என் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று, நிறுவனத்தின் அவுட்லுக் நாட்காட்டியில் இருந்த கூட்டங்கள், குடும்ப நாட்காட்டியில் இருந்த நாட்கள், மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரும் சுற்றறிக்கைகள் என அனைத்தையும் என் சொந்த நாட்காட்டியில் கையால் ஒவ்வொன்றாகப் படியெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் கைபேசி இரண்டு முறை மணி அடித்தது. தொல்லை தாங்காமல் அவுட்லுக்கின் நினைவூட்டல்களை அணைத்துவிட்டேன். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்ட நிம்மதி மூன்று வாரம் நீடித்தது.

ஜெர்மன் பையருடன் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பேச்சு உண்டு. அவர்கள் ஊரில் காலை 10 மணி. குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30. நான் அதை அப்படியே 2.30 என்று படியெடுத்து, வாராவாரம் திரும்ப வருமாறு அமைத்திருந்தேன். ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழைய நிலைக்குத் திருப்புகிறார்கள். 2024-இல் அந்த ஞாயிறு மார்ச் 31. ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, அவர்களுடைய 10 மணி நமக்கு 1.30 ஆகிவிட்டது. அவர்கள் அனுப்பியிருந்த கூட்ட அழைப்பு தானாகவே 1.30-க்கு நகர்ந்திருந்தது. நான் எடுத்த படியோ 2.30-லேயே நின்றது. கட்டிங் பிரிவில் தோலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 2.25-க்கு வந்து மடிக்கணினியைத் திறந்தபோது, பேச்சு முடிந்து ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. லைனிங் நிறம் பற்றிய முடிவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். சாம்பிள் ஒரு வாரம் தாமதமாயிற்று.

இதில் இயந்திரத்தின் பிழை எதுவும் இல்லை. 1998-இல் வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட ஐகேலண்டர் என்னும் பொதுத் தரத்தின்படிதான் அவுட்லுக்கில் உருவாக்கிய அழைப்பைக் கூகுளும் ஆப்பிளும் படிக்கின்றன. அந்த அழைப்புக்குள் மணியோடு சேர்த்து, அது எந்த ஊரின் மணி என்பதும் எழுதப்பட்டிருக்கும். அவர்களுடைய அழைப்பில் பெர்லின் நேரம் என்று இருந்தது. என் படியில் இந்திய நேரம் என்று இருந்தது. பெர்லினில் கடிகாரம் மாறியபோது, பெர்லினைச் சேர்ந்த நிகழ்வு நகர்ந்தது. இந்திய நேரத்தில் நான் பிறப்பித்த படிக்கு நகர வேண்டிய காரணம் ஏதும் இல்லை.

வேலூருக்கு மேற்கே விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் அங்குள்ள நேரம் காட்டும் கல்லைப் பார்த்திருப்பார்கள். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த கல். மேலுள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்ணே மணி. அந்தக் கல் காட்டுவது விரிஞ்சிபுரத்துச் சூரியனின் நேரம். நம் கைக்கடிகாரம் காட்டும் இந்தியப் பொது நேரமோ 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. நம் பகுதி ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது; பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், நம் ஊர்ச் சூரியன் சராசரியாக 14 நிமிடம் பிந்துகிறது. சிறு வயதில் பலமுறை பார்த்த அந்தக் கல்லின் பொருள், ஏப்ரல் 2-ஆம் தேதிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த நேரமும் ஓர் இடத்துக்குச் சொந்தமானது. அந்த இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் எழுதும்போது, அது அந்த நொடியோடு நின்றுபோன படியாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு நான் ஏற்படுத்திக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: ஒரு தேதி ஒரே ஒரு நாட்காட்டியில்தான் குடியிருக்க வேண்டும். எந்த நாட்காட்டி என்று தீர்மானிக்க ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தேதி மாறினால், அது முதலில் யாருக்குத் தெரியவரும்? அவருடைய கையில் இருக்கும் நாட்காட்டியே அதன் வீடு. பையருடன் பேச்சு மாறினால் அது நிறுவன அழைப்பில் மாறும்; ஆகவே அது அவுட்லுக்கில் மட்டும். மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி கணவரின் எண்ணுக்கு வரும். ஆகவே அதைக் குடும்ப நாட்காட்டியில் கணவர் ஏற்றுவார், மாற்றுவதும் அவரே. என் பல் மருத்துவர், என் தோழியின் வீட்டு விசேஷம் ஆகியவை என் சொந்த நாட்காட்டியில். முன்பு என்ன நிகழ்வு, எந்த வகை என்று பார்த்துப் பிரித்தபோது பாதித் தேதிகள் இரண்டு பக்கமும் பொருந்தின. இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பின் அந்தத் தடுமாற்றம் வந்ததில்லை.

கையால் எடுத்த படிகளை எல்லாம் அழித்தேன். அவுட்லுக்கின் நினைவூட்டலைத் திரும்ப இயக்கினேன். ஆனால் ஒரு சிக்கல் மீந்தது. நான் மருத்துவமனையில் இருக்கப்போகும் நேரம் நிறுவனத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாவிட்டால், அந்த நேரத்தில் கூட்டம் வைத்துவிடுவார்கள். அதற்காக அவுட்லுக்கில் "வெளியில்" என்ற ஒற்றைச் சொல்லோடு, தனிப்பட்டது என்று குறித்து, அந்த நேரத்தை அடைத்துவைக்கிறேன். அம்மாவின் பெயரோ நோயோ அதில் இராது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது மட்டுமே இருக்கும். அங்கே நான் நிகழ்வைப் படியெடுக்கவில்லை, அதன் நிழலை மட்டுமே விழவிடுகிறேன். நிழலை அடைக்கும்போது போக்குவரத்து நேரத்தையும் சேர்த்தே அடைப்பது வழக்கமாகிவிட்டது. சத்துவாச்சாரியிலிருந்து மருத்துவமனை, அங்கிருந்து வீடு, வீட்டிலிருந்து இராணிப்பேட்டை என்றால் 10 மணி பரிசோதனைக்கு நான் 8.30 முதல் 2 மணி வரை அடைக்க வேண்டும்.

நாள் முழுவதும் என்று அமைக்கும் நிகழ்வுகளில் ஒரு பொறி இருக்கிறது. கூகுளிலும் அவுட்லுக்கிலும் அத்தகைய நிகழ்வு, நாமாக மாற்றாவிட்டால், அந்த நாளில் நாம் ஓய்வாக இருப்பதாகவே பிறருக்குக் காட்டும். விடுப்பு எடுத்த நாளை முழு நாளாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த எனக்கு அதே நாளில் இரண்டு கூட்டங்கள் வந்த பிறகுதான் இது புரிந்தது. விடுப்பு என்றால் "பிஸி" அல்லது "அலுவலகத்தில் இல்லை" என்ற நிலையைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறுவன நாட்காட்டியை இணைப்பு முகவரி வழியாகச் சொந்தக் கைபேசிக்கு இழுத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். நான் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். அவ்வாறு இழுக்கப்படும் நாட்காட்டி உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. பல மணி நேரம் பிந்தலாம். காலையில் மாறிய கூட்டம் மாலைவரை பழைய நேரத்திலேயே தெரியும் என்றால் அது இல்லாமலிருப்பதே நல்லது. மேலும், அந்த இரகசிய முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர் நம் நாட்கள் அனைத்தையும் படிக்கலாம் என்பதால், அதை வாட்ஸ்அப்பில் போடுவது வீட்டுச் சாவியை வாசலில் வைப்பதற்குச் சமம். அவுட்லுக் செயலியையே கைபேசியில் நிறுவி, இரண்டு செயலிகளையும் தனித்தனியாகப் பார்ப்பதே எனக்குச் சரிப்பட்டது.

இவை தவிர இன்னொரு நாட்காட்டியும் உண்டு. அதற்குப் "பார்வைக்கு" என்று பெயர் வைத்திருக்கிறேன். அதில் எனக்குரிய வேலை எதுவும் இராது. மற்றவர்களின் விடுமுறைகள் மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும், மணி அடிக்காது. தோல் தொழிலில் இதன் அருமை தெரியும். நாங்கள் தோல் வாங்கும் பேரணாம்பட்டு டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வெள்ளிக்கிழமை வார விடுமுறை. எங்கள் தொழிற்சாலைக்கு ஞாயிறு. ஜெர்மனியில் சனியும் ஞாயிறும். டேனரியும் நாங்களும் பையரும் ஒரே நாளில் வேலையில் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கு நாட்கள்தான். தோலின் நிறத்தில் சந்தேகம் என்று வியாழன் மாலை பையர் எழுதினால், டேனரி மேஸ்திரி அதைச் சனிக்கிழமை பார்த்துப் பதில் சொல்வார். அந்தப் பதிலை பையர் திங்கட்கிழமை படிப்பார். இதைக் கண்ணால் பார்க்கும்படி வரைந்து வைத்த பிறகு, நிறம் பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் புதன்கிழமைக்குள் கேட்டு முடிக்கும் பழக்கம் வந்தது. இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடப்பதும் அந்தச் சாம்பல் நிறப் பட்டையில் இருக்கிறது. அங்கிருந்து வர வேண்டிய சோல், பக்கிள் எதுவானாலும் ஜூலையிலேயே கேட்டுவிடுகிறோம்.

நம் வீட்டு நாட்களைப் பொறுத்தவரை, இந்த நாட்காட்டிகள் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1-ஆம் தேதி. சூரியனை வைத்து எண்ணும் மாதமாகையால், அது ஆங்கிலத் தேதியில் மே 14 அல்லது 15-ஐத் தாண்டிப் போவதில்லை; ஆண்டுதோறும் திரும்ப வருமாறு போட்டு, ஒரு நாள் முன்பின் பார்த்துக்கொண்டால் போதும். விரிஞ்சிபுரத்தின் கார்த்திகைக் கடை ஞாயிறு அப்படி இல்லை. குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் நள்ளிரவில் சிம்மக் குளத்தில் நீராடும் விழா அது. 2023-இல் டிசம்பர் 10 அன்று வந்தது, டிசம்பரின் இரண்டாம் ஞாயிறு. நானும் "டிசம்பர் இரண்டாம் ஞாயிறு" என்று ஆண்டுதோறும் வருமாறு அமைத்துவிட்டேன். 2024-இல் என் நாத்தனாரோடு துணைக்குப் போவதாக ஒப்புக்கொண்டு, டிசம்பர் 8-க்கு எல்லா ஏற்பாடும் செய்தோம். தினசரி காலண்டரில் தாளைப் புரட்டிய அம்மாதான், "8-ந் தேதிக்கு அப்புறம் இன்னொரு ஞாயிறும் கார்த்திகையிலதான வருது" என்றார். அந்த ஆண்டு மார்கழி டிசம்பர் 16 அன்று பிறந்தது. 15-ஆம் தேதியே கடை ஞாயிறு, மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. பல ஆண்டுகளாகக் கும்பிட்டுக் காத்திருக்கும் ஒரு பெண்ணை ஒரு வாரம் முன்னதாகக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

அப்பாவின் திதி இன்னும் கடினம். தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் பார்த்துக் குறிக்க வேண்டிய நாள் ஆகையால், ஒரு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். இன்னோர் ஆண்டு வெகுவாகப் பின்னே தள்ளிப்போகும். ஒரே மாதத்தில் அதே திதி இரண்டு முறை வருவதும் உண்டு. ஐகேலண்டர் தரத்தின் திரும்ப வரும் விதிகள் ஆங்கில மாதங்களை மட்டுமே அறிந்தவை. பிற நாட்காட்டி முறைகளுக்கும் இடம் தரும் விரிவாக்கம் 2015-இல் வெளியானது. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் செயலிகளில் திதிக்கு என்று ஒரு பொத்தான் இல்லை. ஆகவே திரும்ப வருமாறு எதையும் போடாமல், சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து, அப்பாவின் திதி, மாமனார் திதி, மூன்று அமாவாசைகள் என அந்த ஆண்டுக்குரியவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் வேறுபடும் என்பதால், எதைப் பார்த்து எழுதினோம் என்பதையும் நிகழ்வின் குறிப்பில் எழுதிவைக்கிறோம். பங்காளிகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

திரும்ப வரும் நிகழ்வுகள் மேல் எனக்கு எச்சரிக்கை வந்ததற்கு இரயிலும் ஒரு காரணம். பொங்கலுக்குக் காட்பாடியிலிருந்து கோவைக்குச் செல்ல, 120 நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கும் என்று ஆண்டுதோறும் நினைவூட்டல் வைத்திருந்தேன். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆயிற்று. இப்போது ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணி என்று எழுதியிருக்கிறேன். என்றோ எழுதிய விதி சத்தமில்லாமல் காலாவதியாகிவிடக்கூடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்லாவற்றையும் பொங்கல் விடுமுறையில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.

ஞாயிறு இரவு சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிடம் நாங்கள் நால்வரும் உட்கார்கிறோம். கணவர் குடும்ப நாட்காட்டியைத் திறந்து வரும் வாரத்தை உரக்கப் படிப்பார். அம்மா தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டுவார். பார்வை மங்கியிருப்பதால், அவருடைய நாட்களை நான் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் அதில் பெரிதாக எழுதித் தருகிறேன். ஒரு தேதிக்கு ஒரு வீடு என்ற என் விதிக்கு இது முரண்தான். ஆனால் அந்தக் காகிதத்தைத் தொட்டு அறியும் ஒருவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. அந்தக் காகிதம் என்னை ஒரு முறை காப்பாற்றியும் இருக்கிறது. யாரையேனும் எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்றால், அழைத்துச் செல்பவரை அந்த நிகழ்வில் விருந்தினராகச் சேர்க்கிறோம். அவர் தம் கைபேசியில் "ஆம்" என்று அழுத்தும்வரை கணவர் அடுத்த நாளுக்குப் போகமாட்டார்.

பள்ளித் தேதிகள் மட்டும் நீண்ட நாள் வீடில்லாமல் அலைந்தன. சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் படமாக வரும்; நான்கு நாளில் நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துபோகும். தேதி மாறினால் முதலில் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியைக் கேட்டபோது விடை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் குடும்ப நாட்காட்டியில் நிகழ்வுகளை மாற்றும் உரிமை கொடுத்தோம். அவள் முதலில் ஏற்றியது அரையாண்டுத் தேர்வு. இரண்டு வாரத்துக்கு நீளும் சிவப்புப் பட்டை, அதன் தலைப்பில், "அரையாண்டு. இதுக்குள்ள யாரும் என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடாதீங்க" என்று எழுதியிருந்தாள்.